காட்டேஜ் வீடும் நம் ஊர்த் திண்ணையும்

ஓடு, கதவுச் சாமான், கீல், தாழ்ப்பாள், பூட்டு என்று வீடு கட்டுவோருக்கு வேண்டிய சரக்குகளைத் திண்டுக்கல்லில் நாம் மொத்த வியாபாரமாகச் செய்யத் தொடங்கி 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. சரக்கு கேட்டு வருபவர்களின் பேச்சை வைத்தே சுற்று வட்டாரத்தில் எந்த மாதிரி வீடு எழும்புகிறது என்று சொல்லிவிடலாம். முன்பு மொட்டை மாடி வீட்டுக்கு இரும்புக் கிரில் கேட்டார்கள். பிறகு வாசல் கேட்டிலிருந்து மாடிப்படி வரை எவர்சில்வர் குழாய் கேட்டார்கள். இப்போது சில ஆண்டுகளாகக் "காட்டேஜ் மாடல்" என்கிறார்கள். சில்லறை வியாபாரி கைப்பேசியை நம் முன்னால் நீட்டுவார். படத்தில் சரிவான ஓட்டுக் கூரை, சின்னச் சின்ன சன்னல்கள், வாசலுக்கு மேலே தனியாக ஒரு குட்டிக் கூரை, இரண்டு தூண்கள், தூணைச் சுற்றிப் பூங்கொடி. "பார்ட்டி இதே மாதிரி முகப்பு வேணும்ங்கிறார், என்ன சரக்கு எடுக்கலாம்?" என்று கேட்பார்.

கேட்பவர்களில் நம் சங்க உறுப்பினர்களும் உண்டு. கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, சொந்த ஊரிலோ ஊருக்கு வெளியிலோ இருக்கிற நாலைந்து சென்ட் மனையில் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைக்கும் வயது நமக்கு. ஆனால் வியாபாரி வீடு கட்டுவது பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவைதான். அதுவும் கடையில் புரளும் முதலிலிருந்து எடுத்துத்தான். முகப்பு அலங்காரத்தில் அந்த முதல் முடங்கிப்போய், தீபாவளிச் சரக்குக்கு வட்டிக்கு வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே சின்ன வீட்டுக்கும் அதன் வாசலுக்கும் மாதிரியை எங்கே தேடுவது என்பது பற்றி நாம் பார்த்ததை எழுதுகிறோம். நாம் இன்ஜினியர் அல்ல. சரக்கு விற்றவர், அவ்வளவே.

காட்டேஜ் என்பது இங்கிலாந்தில் பண்ணை வேலை செய்த குடியானவரின் சின்ன வீடு. குளிர் நாடு. அதனால் சுவர் தடிப்பு, உட்கூரை தாழ்வு, சன்னல் சிறிது. உள்ளே மூட்டிய நெருப்பின் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் கணக்கு. நம் மாவட்டத்துக் கொடைக்கானலுக்குப் போனால் அந்தக் கணக்கு சரியாக இருப்பதைப் பார்க்கலாம். 1845-ல் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதன் பிறகு எழுந்த பழைய வீடுகளில் கற்சுவரும், சரிந்த கூரையும், புகைபோக்கியும், கண்ணாடி அடைத்த முன் தாழ்வாரமும் இருக்கும். அந்தக் குளிருக்கு அது பொருத்தம். அதையே அப்படியே இறக்கி வந்து வத்தலக்குண்டிலோ விருதுநகரிலோ கட்டினால் சித்திரை மாதம் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். சின்ன சன்னலும் தாழ்ந்த உட்கூரையும் நமக்கு ஆகாத சரக்கு.

ஆனால் படத்தில் நமக்குப் பிடித்துப்போவது சன்னல் அல்லவே, அந்த வாசல்தானே? வாசலுக்கு மேல் ஒரு கூரை, அதன் கீழ் நிழல், தெருவுக்கும் கதவுக்கும் நடுவில் நின்று மூச்சு விட ஒரு இடம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பங்களா என்ற சொல் வங்காளத்துக் குடிசையிலிருந்து பிறந்தது. வராந்தா என்ற சொல்லும் இந்தியாவிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. வெயில் நாட்டில் வீட்டுக்கு முன்னால் நிழல் வேண்டும் என்பதை இங்கே வந்த வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டு போனார். 1842-ல் அமெரிக்காவில் டவுனிங் என்பவர் காட்டேஜ் வீடுகளுக்கென்றே படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். அவரும் தம் நாட்டு வீடுகளுக்கு முன் தாழ்வாரம் வேண்டும் என்று வற்புறுத்தியவர். இங்கிருந்து போன சரக்கு ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து நம்மிடமே இறக்குமதி விலை கேட்கிறது. வியாபாரிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் இருந்தது திண்ணை வீடு. அதை ஏதோ பழங்காலத்து அழகு என்று நினைப்பது சரியல்ல. அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருந்தது. முன்பு சுவர் மண்சுவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்தால் சுவரின் அடி கரையும். கூரையை வெளியே நீட்டிச் சாரலைத் தடுத்தார்கள். சுவரின் அடியில் மேடை கட்டி அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். அந்த மேடைதான் திண்ணை. கட்டியாகிவிட்டது, உட்காரவும் வசதி. சில வீடுகளில் ஒரு ஓரம் தலையணை மாதிரி சரிவாகத் திண்டு வைத்துப் பூசியிருப்பார்கள். மத்தியானம் படுப்பவருக்குத் தலைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். சுவரில் விளக்கு மாடம் இருக்கும். தெருவில் போகிறவருக்கு அது வெளிச்சம். வழிப்போக்கர் யாரையும் கேட்காமல் ஏறி உட்காருவார், கேட்டால் ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்கும்.

நம் தொழிலுக்கும் திண்ணைக்கும் உள்ள உறவு பழையது. வீட்டுத் திண்ணையில் நாலு சாக்கை விரித்து வைத்து ஆரம்பித்த கடைகள் எத்தனை! செட்டிநாட்டு வீடுகளில் முகப்புத் திண்ணைதான் ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பார்த்த இடம். வந்தவரோடு பேச்சு அங்கேயே முடியும், வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லை. இன்றைக்கு ஆபீஸ் அறை என்று தனியாகக் கட்டுகிறோமே, அதைச் சுவரில்லாமல் கட்டியிருந்தார்கள்.

திண்ணைக்கு அப்புறம் நிலை. நிலை வைக்கும் நாளை வீட்டுக்காரர் இன்றும் மறப்பதில்லை. பழைய நிலைகள் உயரம் குறைவு. குனிந்துதான் நுழைய வேண்டும். கீழே வாசற்படிக் கட்டையும் உண்டு, தண்ணீரும் பூச்சியும் உள்ளே வராது. இப்போது உயரம் 7 அடி வைக்கிறார்கள். அது சரிதான், நம் பேரப்பிள்ளைகள் நம்மைவிட உயரம். ஆனால் கீழ்க்கட்டையை எடுத்துவிட்டு டைல்ஸை ஒரே மட்டமாக ஓட்டிவிடுகிறார்கள். முதல் பெருமழையில் வரவேற்பறை வரை தண்ணீர் வருகிறது.

வாசல் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான வழுவழு டைல்ஸ் விற்றால் நமக்கு லாபம் கூடுதல். அப்படியிருந்தும் சொல்கிறோம், அதை வாசற்படியில் போடாதீர்கள். காலையில் தண்ணீர் தெளித்தால் வழுக்கும், கோலப்பொடியும் நிற்காது. கருங்கல் படியோ, சொரசொரப்பான கடப்பாக் கல்லோ போதும். திண்ணையின் மேல்பரப்புக்குச் சிவப்புச் சிமெண்ட் பூச்சு நன்றாக இருக்கும். வசதி உள்ளவர்கள் ஆத்தங்குடிக் கல் போடலாம். அது சூளையில் சுடாத சரக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி முகம் பட்டதால்தான் அந்த வழவழப்பு. மனிதர் உட்கார உட்கார மெருகேறும்.

மாதிரி தேடுபவர்கள் எங்கே போகலாம்? செட்டிநாடு என்றதும் எல்லோரும் பெரிய மாளிகைகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கானாடுகாத்தானில் அரண்மனை போன்ற வீட்டைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து சென்ட்டில் அதே தூணை நிறுத்தினால் வீடு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதே ஊர்களில் பின் தெருக்களில் சின்ன ஓட்டு வீடுகள் இருக்கின்றன. அவைதான் நமக்குப் பாடம். சென்னைப் பக்கம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பார்க்கலாம். பல ஊர்களில் இடிபட இருந்த வீடுகளை மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்று உண்டு, நெசவாளர் வீடு, அக்ரஹார வீடு, கேரள வீடுகள் உண்டு. ஒரே நாளில் பத்து வாசலில் ஏறி இறங்கலாம். உட்கார்ந்தும் பார்க்கலாம், அதுதான் முக்கியம். திண்ணை உயரம் படத்தில் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும்.

தெற்கே போனால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிப்பது. அரண்மனை என்று பயப்பட வேண்டாம், அதன் பூமுகம் என்கிற வாசல் முகப்பு ஒரு சின்ன வீட்டு அளவுதான். ஓட்டுக் கூரையின் முன்பக்கம் முக்கோணமாக நீண்டு வாசலுக்குக் குடை பிடிப்பதை அங்கே பார்க்கலாம்.

திருவனந்தபுரத்துக்குப் போனால் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டும். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கி, 1990-ல் பத்மஸ்ரீ பெற்று, 2007-ல் காலமானார். காட்டேஜ் பிறந்த நாட்டிலேயே பிறந்தவர், ஆனால் அதை இங்கே பெயர்த்து வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்திஜி சொன்னதைத் தம் வழியாகக் கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். செங்கல்லைப் பூசாமல் விட்டார். சன்னலுக்குப் பதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, காற்று வரும் சல்லடைச் சுவர் வைத்தார். செங்கல்லை நிமிர்த்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையில் சுமார் நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். இடித்த வீட்டுக் கதவையும் சன்னலையும் வாங்கி வந்து பொருத்தினார். தட்சிணசித்ராவின் வளாக அமைப்பை வகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். சிக்கனம் தெரிந்த வியாபாரி பார்க்க வேண்டிய வேலை.

எங்கே போனாலும் கைப்பேசியில் படம் பிடிப்பதோடு நிற்காமல், ஒரு டேப்பும் நோட்டும் கொண்டுபோய் அளவு எடுத்து வாருங்கள். திண்ணை எத்தனை அடி அகலம், கூரை எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். கொத்தனாரிடம் படத்தைக் காட்டினால் "செஞ்சிடலாம்ணே" என்பார். அளவைக் காட்டினால்தான் கேள்வி கேட்பார்.

நமக்கு வேண்டிய மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், வத்தலக்குண்டு பக்கம். 62 வயது. கிராமத்தில் தகப்பனார் வீடு நாட்டு ஓடு போட்டது, பின்சுவர் விழுந்துவிட்டது. இடித்துவிட்டு அதே மனையில் 30 அடி அகலத்தில் புது வீடு கட்ட பிளான் போட்டார்கள். மகன் காட்டிய படம் காட்டேஜ். இன்ஜினியர் போட்டுக் கொடுத்த பிளானில் தெருப் பக்கம் முழுக்கக் கார் நிறுத்தும் கான்கிரீட் போர்ட்டிகோ, அதற்கு மேலே ஒப்புக்கு ஒரு வரிசை ஓடு, முன்னால் ஆளுயரக் கேட். பிளானை விரித்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது நாமும் இருந்தோம். அண்ணாச்சியின் தாயாருக்கு 84 வயது. பகல் முழுக்கத் திண்ணையில்தான் இருப்பார். தெருவில் போகிற ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள்.

"ஏப்பா, இதிலே நான் எங்கே உட்காருறது?" என்று கேட்டார்.

"ஹால்ல சோபா போட்டுடலாம் பாட்டி" என்றார் இன்ஜினியர் தம்பி.

"சோபாவிலே உக்காந்தா தெரு தெரியுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணாச்சி பிளானைச் சுருட்டி வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நம் கடைக்கு வந்து, "அண்ணே, அம்மா அன்னையிலேருந்து பேசவே இல்லை. கார் நிக்கணும், திண்ணையும் இருக்கணும். வழி சொல்லுங்க" என்றார்.

வழி பெரிய விஷயம் இல்லை. காரை முன்னால் நிறுத்துவதற்குப் பதில் பக்கவாட்டில் 10 அடி சந்து விட்டு நிறுத்தினால் 20 அடி முகப்பு மிச்சம். நடுவில் கதவுக்கு வழி, இரு பக்கமும் ஆறரை அடி நீளத் திண்ணை, அகலம் நாலரை அடி. பழைய திண்ணை இடுப்பு உயரம், ஏறித்தான் உட்கார வேண்டும். புதியதற்கு ஒன்றரை அடி போதும் என்றோம், பாட்டி தாமாகவே உட்கார்ந்து எழலாம். கூரை ஓரம் திண்ணைக்கு வெளியே 2 அடி நீளட்டும். ஓட்டுக்குச் சரிவு வேண்டும், பத்தடிக்கு ஐந்தடியாவது ஏற வேண்டும். சரிவு குறைந்தால் காற்று மழையில் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறும். கணக்குப் போட்டால் ஓரம் ஆறே முக்கால் அடி உயரத்தில் நின்றது, சுவரோரம் பத்தடி. ஹால் தளத்து மட்டத்துக்கு அது சரியாக வந்தது. மகனும் முதலில் முகம் சுளித்துவிட்டு, வரைந்து பார்த்ததும், "படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு" என்றான். இருக்காதா பின்னே?

ஓட்டுக் கணக்கைக் கேட்பவர்களுக்கு: ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிச் சரிவுக்கு, சீமை ஓடு ஏறத்தாழ 150 பிடிக்கும். அண்ணாச்சி வீட்டு முகப்பு ஒன்றரைச் சதுரத்துக்குள் அடங்கியது, உடைசலும் சேர்த்து 240 ஓடு. கான்கிரீட் போர்ட்டிகோவுக்குக் கம்பியும் சிமெண்டும் எடுத்தால் ஆகும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து அவரே சிரித்தார்.

சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓடு. பேசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை வைத்தார்கள். ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதால் நாட்டு ஓட்டைவிட எண்ணிக்கை குறைவு, குரங்கு ஓடினாலும் சுலபத்தில் கலையாது. இடித்த வீட்டு ஓடுகள் இப்போது நல்ல கிராக்கியோடு விற்கின்றன, அடிப்பக்கத்தில் பழைய கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். வாங்குபவர்கள் பெயரைப் பார்த்து மயங்காமல், விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கீறல்.

பழைய கதவும் தூணும் வாங்கக் காரைக்குடிக் கடைகளுக்கு இப்போது வெளி மாநிலத்தவரும் வருகிறார்கள். பர்மாத் தேக்கு என்ற பெயருக்கே விலை. போகிறவர்கள் கதவின் கீழ்ப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கரையான் அரித்த இடத்தை மெழுகும் தூளும் அடைத்துப் பாலிஷ் போட்டிருப்பார்கள். பழைய கதவுக்குக் கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி வைத்து நிலையின் குழியில் திரும்பும். கதவை மட்டும் வாங்கி வந்து கீல் அடித்தால் பாரம் தாங்காமல் தொங்கிவிடும். நிலையோடு சேர்த்து வாங்குங்கள், அல்லது குடுமிக்குக் குழி எடுக்கத் தெரிந்த ஆசாரியை முதலில் பிடியுங்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் பாகப்பிரிவினையில் இடிந்த ஒரு வீடு இருக்கிறது என்பதால் நமக்கு அந்தத் தெருவில் நடக்கவே கொஞ்சம் சங்கடம்.

அண்ணாச்சி எதையும் வெளியில் வாங்கவில்லை. தகப்பனார் வீட்டுத் திண்ணைத் தூண் இரண்டு நல்ல நிலையில் இருந்தன. அடி மரம் தரை ஈரம் குடிக்காமல் இருக்க அவற்றுக்குக் கருங்கல் பாதம் செய்யச் சொல்லியிருக்கிறோம். கதவும் தேறியது. நிலைதான் அடியில் போய்விட்டது. தோட்டத்து வேம்பை அறுத்து நிழலில் காயப் போட்டிருக்கிறார், ஈர மரத்தில் நிலை செய்தால் கோணிவிடும் என்பதால் ஆசாரி தை மாதம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். பழைய கதவுக்கு ஏற்ற நாதாங்கியும் எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டும் நம் கடையிலிருந்து எடுத்து வைத்தாகிவிட்டது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் கையால் பூட்டுச் செய்யும் பட்டறைகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. வேண்டுபவர்கள் நிலை வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது.